தரகுக்கு ஒரு தேர்வு

இலக்கிய அன்பர்கள் கூடும் இவ்விடத்தில் வீட்டுத் தரகைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று எங்களுக்குள் சில நாள்கள் பேச்சு நடந்தது. இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது கணவனும் மனைவியுமாகிய இருவரைக் குறிக்கும். ஒருவர் எழுத மற்றவர் திருத்தினார். யார் எழுதியது, யார் திருத்தியது என்பதை இப்போது எங்களாலேயே பிரித்துச் சொல்ல இயலாது. சிங்கப்பூரில் வசிக்கிறோம். இருவருமே பதிவுபெற்ற சொத்து முகவர்கள். தமிழில் சொல்வதானால் வீட்டுத் தரகர்கள்.

‘தரகு’ பழைய சொல். பல்லவர் செப்பேடுகளில் வரிகளும் ஆயங்களும் அடுக்கிச் சொல்லப்படும் இடத்தில் இச்சொல்லையும் காணலாம். ஆகவே தரகரை அரசு கண்டுகொள்வது புதிய செய்தியன்று. ஆனால் அன்றைய அரசு தரகரிடம் எதிர்பார்த்தது காசு மட்டுமே. உனக்கு இத்தொழில் தெரியுமா, நீ நேர்மையானவனா என்று அது கேட்டதாகத் தெரியவில்லை.

ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகரைப் பார்த்தவர்கள் அந்தத் துண்டை மறந்திருக்கமாட்டார்கள். விற்பவர் கையும் தரகர் கையும் துண்டுக்கு அடியில் இருக்கும். விரல்களைப் பிடித்தும் விடுத்தும் விலை பேசுவார்கள். பிறகு அதே துண்டு வாங்குபவர் கைமேல் விழும். இரண்டு பேச்சுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தரகர் ஒருவருக்கே தெரியும். அவருடைய பிழைப்பே அந்த வேறுபாட்டில்தான் இருந்தது. ‘தரகர்’ என்றவுடன் நம் மனத்தில் எழும் இலேசான ஐயம் அந்தத் துண்டிலிருந்து பிறந்ததென்று நினைக்கிறோம். நாங்கள் எழுதிய தேர்வு அந்தத் துண்டை எடுத்துவிடுவதற்காக ஏற்பட்டது. எவ்வளவு தூரம் எடுத்தது, எங்கே இன்னும் எடுபடவில்லை என்பதே இங்குச் சொல்லவந்த செய்தி.

2010-க்கு முன்னர் சிங்கப்பூரில் வீட்டு முகவர் நிறுவனங்களுக்கு உள்நாட்டு வருவாய் ஆணையம் உரிமம் வழங்கிவந்தது. அந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வீடுவீடாக ஏறி இறங்கும் தனி முகவர் ஒவ்வொருவரும் தேர்வெழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. ஒரே முகவர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பெறுவது இயல்பாக நடந்தது. 2010-ஆம் ஆண்டு சொத்து முகவர் சட்டம் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சொத்து முகவர் மன்றம் அமைந்தது. அதன்பின் நிறுவனத்துக்கு உரிமம், மனிதருக்குப் பதிவு என்றாயிற்று. வழக்கில் நாங்கள் ‘லைசென்ஸ் எடுத்துவிட்டோம்’ என்று சொல்வதுண்டு. சட்டத்தின் மொழியில் உரிமம் எங்களுடையதன்று. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ், ஒரே நேரத்தில் ஒரேயொரு நிறுவனத்தின் கீழ், பதிவு செய்யப்பட்டவர்கள் நாங்கள்.

இத்தொழிலுக்கு நாங்கள் வந்தது விருப்பத்தினால் அன்று. 2013-இல் எங்களில் ஒருவர் வேலைசெய்த மின்னணுத் தொழிற்சாலை தன் உற்பத்திப் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுசென்றது. நாற்பத்து நான்கு வயதில் வேலை போயிற்று. மற்றவர் பாலர் பள்ளியில் பகுதிநேரமாகக் கற்பித்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கடன் இன்னும் பல ஆண்டுகள் மீதமிருந்தது. ‘முகவர் தேர்வு எழுதிப் பாருங்களேன், வயது தடையில்லை’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், சாதாரண நிலைத் தேர்வில் நான்கு பாடங்களிலாவது தேறியிருக்க வேண்டும் அல்லது அதற்கு இணையான கல்வி வேண்டும், ஏமாற்று, மோசடி ஆகியவற்றில் தண்டனை பெற்றிருக்கக்கூடாது, கடன்தீர்க்க இயலாதவராக அறிவிக்கப்பட்டு விடுபடாத நிலையில் இருக்கக்கூடாது. இவையே வாயில். அதைக் கடந்தால் 60 மணி நேரப் பயிற்சி. பிறகு இரண்டு தாள்கள் கொண்ட தேர்வு.

வகுப்பு மாலை ஏழு மணிக்குத் தொடங்கும். டாக்சி ஓட்டுநர், விமானப் பணிப்பெண்ணாக இருந்து ஓய்வுபெற்றவர், தையற்கடை வைத்திருந்த மலாய் அம்மையார், பல்கலைக்கழகம் முடித்து மூன்று மாதமான சீன இளைஞர் என்று பலரும் அமர்ந்திருந்தார்கள். பாடம் ஆங்கிலத்தில். நாங்கள் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, சமையலறை மேசையில் அதைத் தமிழில் ஒருமுறை பேசிப்பார்ப்போம். தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எங்களுக்கு ஒன்று புரிந்ததா இல்லையா என்பது தெரியும். 99 ஆண்டுக் குத்தகை என்று சொன்ன பிறகே ‘சொந்த வீடு’ என்ற தொடரை நாங்கள் இதுவரை எவ்வளவு எளிதாகச் சொல்லிவந்தோம் என்பது உறைத்தது.

ஓரிரவு, வீட்டை இருவர் சேர்ந்து உரிமை கொள்ளும் முறைகளைப் படித்தோம். இருவரும் தத்தம் பங்கைத் தனித்தனியே வைத்துக்கொள்வது ஒரு முறை. இன்னொன்று ‘ஜாயிண்ட் டெனன்சி’. அதில் பங்கு என்பதே கிடையாது. இருவரும் சேர்ந்து முழுமைக்கும் உரியவர். ஒருவர் இறந்தால் எஞ்சியவர் முழுமைக்கும் உரியவராகிவிடுவார். உயில் எழுதிவைத்திருந்தாலும் அது இவ்வீட்டைத் தொடாது. எங்கள் வீட்டுப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். இரண்டாவது முறைதான். கையெழுத்திட்ட நாளில் அதைப் பற்றி யாரும் எங்களுக்கு விளக்கிச் சொன்னதாக நினைவில்லை.

“அப்படியானால் நான் போய்விட்டால் வீடு முழுவதும் உங்களுக்கா?”

“நான் போனால் உனக்கு.”

அதன்பிறகு அன்றிரவு பாடம் ஓடவில்லை. தரகுத் தேர்வுக்கான பாடநூலில் இப்படியொரு பக்கம் இருக்குமென்று நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. பின்னாளில் வீடு வாங்கும் இளம் தம்பதியர் ஒவ்வொருவரிடமும் இவ்விரு முறைகளின் வேறுபாட்டைச் சொல்லி, வழக்குரைஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்று கூறுவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

பாடத்தின் நடுநாடி என்று நாங்கள் கருதுவது மூன்று தடைகளை. முதலாவது, ஒரு பரிவர்த்தனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் நிற்கக்கூடாது. இரு தரப்பிலும் தரகு பெறக்கூடாது. இரண்டாவது, சிங்கப்பூரில் எந்த வீட்டின் விற்பனைப் பணமும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் வாடகைப் பணமும் முகவர் கைவழியாகப் போகக்கூடாது. மூன்றாவது, முகவராக இருப்பவர் அதே வேளையில் வட்டிக்குக் கடன்கொடுக்கும் தொழில் செய்யக்கூடாது. அத்தகைய தொழில் செய்பவரிடம் வேலைபார்க்கவும் கூடாது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பழைய தரகரின் வலிமை மூன்று இடங்களில் இருந்தது. இரு பக்கமும் அவர் அறிந்தவர். பணம் அவர் கையில் தங்கிச் செல்லும். இக்கட்டில் இருப்பவருக்கு அவரே கடனும் கொடுப்பார். அவர் நின்ற மூன்று படிகளையும் சட்டம் இழுத்துவிட்டது. எஞ்சியது அறிவும் உழைப்பும் மட்டுமே.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கலும் இருந்தது. ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த வெவ்வேறு முகவர்கள் இருவர் இரு தரப்புக்கும் தனித்தனியே நிற்பதற்குத் தடையில்லை. ஆனால் அவ்விருவரும் கணவனும் மனைவியுமாக இருந்தால்? விற்பவரின் அடிவிலை ஒருவருக்குத் தெரியும், வாங்குபவரின் உச்சவிலை மற்றவருக்குத் தெரியும், இருவருக்கும் இருப்பதோ ஒரே சமையலறை. அத்தகைய வாய்ப்பு வந்தால் இருவரில் ஒருவர் விலகிவிடுவது, அந்தத் தரப்பை வேறு முகவரிடம் ஒப்படைப்பது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட்டோம். இதுவரை நான்கு முறை விலகியிருக்கிறோம். நான்கு தரகு நட்டம்.

தேர்வில் தேறியதைப் பட்டுக்கோட்டையிலிருக்கும் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவரும் மனை, தோப்பு பேசி முடிப்பவர். “ஏன் மாப்பிள்ளை, தரகு பார்க்கவுமா பரீட்சை வைக்கிறான்?” என்று சிரித்தார். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபின் முகவர்கள் மாநில ஆணையத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. பதிவில்லாதவர், பதிவுபெற்ற திட்டங்களின் மனையையோ வீட்டையோ விற்றுக்கொடுக்கக்கூடாது. அப்போது மாமாவே அழைத்தார். “உங்கள் ஊர்க் காற்று இங்கேயும் வந்துவிட்டது” என்றார். இந்தமுறை சிரிக்கவில்லை.

பாடத்தில் எங்களைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்த இன்னொரு பகுதியும் உண்டு. 1989 மார்ச் முதல் இங்கே நடப்பிலிருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அது. கழக வீடுகளில் ஓரினத்தார் ஓரிடத்தில் திரண்டுவிடாமலிருக்க, ஒவ்வோர் இனத்துக்கும் வட்டார அளவிலும் புளோக் அளவிலும் உச்சவரம்பு உண்டு. இந்தியருக்கும் பிறருக்கும் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. 2010-இல் உயர்த்தப்பட்ட அளவு இது. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வேறு இனத்தாருக்குத்தான் விற்கலாம். வாங்கக்கூடியவர் தொகை சுருங்கும்போது விலையும் தளரும். நம்மவர் பலர் இதனால் மாதக்கணக்கில் காத்திருந்ததைக் கண்டிருக்கிறோம். 2022-இல், இவ்வரம்பினால் நெடுநாள் விற்க இயலாமல் இருப்பவர்கள், கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமாறு கோரும் வழி ஒன்று ஏற்பட்டது.

இக்கொள்கையைப் பற்றி எங்கள் இருவருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பல இனத்தார் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் வாழ்வு இதனால் கிடைத்தது என்பார் ஒருவர். அதற்கான விலையைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள் என்பார் மற்றவர். ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்துப்போகிறோம். இது எழுதப்பட்ட விதி. எண் தெரியும். இன்று எந்த புளோக்கில் யார் வாங்கலாம் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். மேல்முறையீடு செய்யலாம். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். துண்டுக்கு அடியில் எதுவும் இல்லை.

துண்டு எங்கே இருக்கிறது என்பதைத் தொழிலில் இறங்கிய முதல் மாதமே கண்டோம்.

பதிவெண் வந்ததும் அட்டை அச்சிட்டோம். பெயர், பதிவெண், நிறுவனத்தின் பெயர், அதன் உரிம எண், தொலைபேசி எண். எந்த விளம்பரமானாலும் இவை இருந்தாகவேண்டும். முதல் வாடிக்கையாளர்கள் மதுரையிலிருந்து வந்த இளம் தம்பதியர். கணினித் துறையில் வேலை. நல்ல ஊதியம். தனியார் அடுக்ககத்தில் வாடகை வீடு தேடினார்கள். விளம்பரங்களைப் பார்த்து வீட்டுக்காரரின் முகவர்களை அழைத்தோம். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “டெனண்ட் புரொபைல் என்ன?”

பாடநூலில் இல்லாத சொல் அது. வாடகைக்கு வருபவரின் வேலை, ஊதியம், எத்தனை பேர் என்பனவெல்லாம் அதில் அடங்கும்தான். ஆனால் கேட்பவர் முதலில் அறிய விரும்புவது இனம். “இந்தியர்” என்றதும் அரைக்கணம் அமைதி. பிறகு, “ஓனர் லைட் குக்கிங்தான் விரும்புகிறார்” என்பார்கள். அல்லது, “இப்போதுதான் வேறொருவர் உறுதி செய்தார்” என்பார்கள். பதினோரு அழைப்புகள். அவற்றில் ஏழு இவ்வாறு முடிந்தன. அழைத்த எங்கள் இனம் என்னவென்பது எங்கள் பெயரிலேயே அவர்களுக்குத் தெரியும். ஆயினும் எங்களிடமே சொன்னார்கள். தொழிற்பேச்சு என்பதால் அது எங்களைத் தொடாது என்று எண்ணியிருக்கலாம்.

இனத்தையும் மதத்தையும் குறித்துப் புண்படுத்தும் விளம்பரம் கூடாது என்பது முகவருக்கான நெறிமுறை. ஆகவே ‘இந்தியர் வேண்டா’ என்று முன்புபோல அச்சில் காண்பது அரிதாகிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் தம் மனத்தில் யாரை விலக்கிவைக்கிறார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. அச்சிலிருந்து இறங்கிய சொல் தொலைபேசிக்குள் போயிற்று.

நாங்கள் வீட்டுக்காரர் பக்கம் நிற்கும் முறை வந்தபோது சிக்கல் இன்னும் கூர்மையாயிற்று. வீட்டுக்காரர் எங்களை அமர்த்தியவர். அவர் நலனைக் காப்பது எங்கள் கடமை. அவர் சொல்லும் விருப்பத்தை மறுதரப்புக்குத் தெரிவிப்பதும் அக்கடமையில் சேருமா? இரண்டிரவுகள் இதைப் பேசினோம். வீட்டுக்காரரிடம் ‘உங்களுக்கு யார் வேண்டா’ என்று கேட்காமல், ‘உங்களுக்கு எதில் அச்சம்’ என்று கேட்பது. அந்த அச்சத்தை ஒப்பந்தத்தில் ஒரு விதியாக எழுதுவது. அப்போதும் அவர் இனம் பார்த்தே தீருவேன் என்றால், அந்தச் சொல்லை எங்கள் வாயால் மறுதரப்பினரிடம் கொண்டுசெல்ல மாட்டோம் என்று சொல்லி விலகுவது. இதுவே நாங்கள் வந்தடைந்த முடிவு.

தெம்பனிஸ் பகுதியில் ஒரு சீன மூதாட்டி தம் அடுக்ககத்தை வாடகைக்கு விடுமாறு எங்களிடம் கொடுத்தார். இந்தியக் குடும்பம் வேண்டா என்றார் தயக்கமில்லாமல். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, “உங்களைச் சொல்லவில்லை” என்றார்.

“ஆன்ட்டி, உங்களுக்கு எதைப் பற்றிக் கவலை?” என்று கேட்டோம்.

முன்பு இருந்தவர்கள் சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறவிட்டுப் போனார்களாம். மூவர் என்று சொல்லி அறுவர் தங்கினார்களாம். குளிர்சாதனத்தை ஒருநாளும் பராமரிக்கவில்லையாம். அவர்கள் எந்த நாட்டவர் என்று கேட்டோம். அவர் சொன்ன நாடு இந்தியா அன்று. சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஒப்பந்தத்தில் எழுதினோம். குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரித்து இரசீதைக் காட்டவேண்டும். தங்குவோர் பெயர்கள் அனைத்தும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். வீட்டைவிட்டுப் போகும்போது சமையலறையைத் துப்புரவு நிறுவனத்தைக் கொண்டு சுத்தம் செய்து ஒப்படைக்கவேண்டும். இரண்டாண்டு ஒப்பந்தம், இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை. அவ்வீட்டில் குடியேறியவர்கள் அந்த மதுரைத் தம்பதியர் அல்லர். அவர்களுக்கு அதற்குள் வேறிடம் கிடைத்துவிட்டது. வந்தவர்கள் ஐதராபாத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம்.

எல்லாக் கதைகளும் இப்படி முடியவில்லை. வேறொரு வீட்டுக்காரர், “உங்கள் வேலை நான் சொல்வதைச் செய்வது” என்று கூறி, அன்றே வேறு முகவரிடம் போனார். அவரைக் காட்டிலும் எங்களுக்கு வருத்தம் தந்தவர் நம்மவர் ஒருவர். தமிழர், நல்ல வாசகரும்கூட. தம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, “நம்ம ஆட்களுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்” என்றார். அதே கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டோம். அவரால் ஓர் அச்சத்தையும் குறிப்பாகச் சொல்ல இயலவில்லை. அந்த வீட்டையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்வும் பதிவும் என்ன செய்தன என்று இப்போது கேட்டால், எங்கள் விடை இதுதான். முகவரை அவை கண்ணுக்குத் தெரியும் ஆளாக்கின. பணத்தை அவர் கையிலிருந்து அகற்றின. அவர் யார் பக்கம் என்பதை எழுத்தில் சொல்லவைத்தன. இவை சிறியவை அல்ல. ஆனால் தொலைபேசியில் ஒருவர் ‘புரொபைல்’ என்று கேட்கும்போது என்ன விடை சொல்வது என்பது இரண்டு தாள்களிலும் வரவில்லை. பதிவைப் புதுப்பிக்க நாங்கள் தொடர்ந்து படிக்கும் வகுப்புகளில் வரிகள், படிவங்கள், கறுப்புப் பணத் தடுப்பு முறைகள் எல்லாம் வருகின்றன. அந்த அரைக்கண அமைதியை ஒவ்வொரு முகவரும் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

இறுதியாக, சிங்கப்பூரில் வீடு தேடும் அன்பர்களுக்குச் சில சொற்கள். முகவரின் பதிவெண்ணைக் கேளுங்கள். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதையும் அவர் அழைக்கும் தொலைபேசி எண்ணையும் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே சரிபார்க்கலாம். உண்மையான முகவரின் அட்டைப் படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசி எண் பொருந்தாவிட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வீட்டைக் கண்ணால் காணும் முன் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள். கழக வீடென்றால் வாடகையையோ வைப்புத்தொகையையோ முகவர் கையில் தராதீர்கள்; கேட்பவர் விதியை மீறுகிறார். யாருக்காக நிற்கிறீர்கள் என்று முகவரிடம் முதலிலேயே கேளுங்கள். உங்கள் ‘புரொபைல்’ என்னவென்று வினவினால், வேலையையும் ஊதியத்தையும் தங்குவோர் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, வீட்டுக்காரருக்கு எதில் அச்சம் என்று திருப்பிக் கேளுங்கள். சிலர் தொலைபேசியை வைத்துவிடுவார்கள். சிலர் விடை சொல்வார்கள்.